எதுவும் ஒட்டாது

கார் மெருகேற்றும் கொட்டகையில் திலேமுராத் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காரின் பக்கவாட்டில் குனிந்தான். ஆரால் கடலுக்குத் தெற்கே உள்ள நூகுஸ் நகரத்தில் ஓடுகிற கார்களில் முக்கால்வாசி வெள்ளை. இதுவும் வெள்ளைதான். வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை, இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. "வண்டி வந்த அன்னைக்கு மிட்டாய் வாரி எறிஞ்சாங்களா அக்கா? பானெட் முழுக்கக் கீறல். வாழ்த்தறோம் வாழ்த்தறோம்னே நம்ம ஜனங்க பாதிப் பெயிண்ட்டைத் தின்னுடறாங்க" என்று சிரித்தான். கொட்டகையில் நின்றிருந்த மற்ற இருவரும் சிரிக்கவில்லை. விளக்கு மெல்ல நகர்ந்து பின்கதவில் நின்றது. "நல்லாத்தானே கழுவினேன். இது யாரு கை?"

குல்ஸீரா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவளுக்குத் தெரியும். ஓட்டுநர் கதவுக்கு ஒரு சாண் பின்னால், விரல்களை விரித்து ஊன்றிய ஓர் இடது கையின் உப்புத் தடம். மோதிர விரல் பாதியில் முடிந்திருக்கும். லாரியின் ஃபேன் பெல்ட்டில் சிக்கி அறுந்த விரல் அது.

இந்தக் காருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரிசையில் காத்திருந்தவன் அவள் கணவன் ஜொல்மிர்ஸா. காத்திருந்த காலத்தில், இலையுதிர்காலம் தொடங்கியதும், வற்றிப்போன ஆரால் கடலுக்கு உப்புநீர் இறாலின் முட்டை அள்ளப் போனான். இரண்டு நாள் உப்புக்காற்று அடித்து ஓய்ந்த பிறகு லாரி கிடைத்தது. உள்ளே மூடி திறக்காத தேநீர்க் குடுவை கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. ஒரு வருடம் கழித்து விற்பனை நிலையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, உங்கள் வண்டி வந்துவிட்டது, ஐயா இருக்கிறாரா என்று கேட்டாள். குல்ஸீரா, இருக்கிறார் என்றே சொல்லிவிட்டாள். பிறகு அவன் தம்பிதான் அலைந்து காகித வேலைகளை முடித்தான்.

அந்தத் தம்பி யெர்போலாத் இப்போது கொட்டகை வாசலில் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு நின்றான். வாக்கப்பட்டு வந்தவள் கணவன் வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே வழக்கமில்லை. அவள் மணமாகி வந்தபோது அவனுக்குப் பத்து வயது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றே அவனுக்கு 'துரை' என்று பெயர் வைத்தாள். இன்று தொப்பை விழுந்தும் துரைதான்.

"என்ன அண்ணி யோசனை? காத்துல வர்ற உப்பு சும்மா விடாது. ரெண்டு வருஷம் போனா கதவெல்லாம் சல்லடையா நிக்கும்."

"பாலிஷ் போட்டா மேல் தோல் ஒரு நூல் போகும், அந்தத் தடமும் அதோட போயிரும்" என்றான் திலேமுராத். "அதுக்கு மேல செராமிக் பூச்சு ஏத்திட்டா கண்ணாடி கணக்கா நிக்கும். உப்பு, மண்ணு, காக்கா எச்சம், எதுவும் ஒட்டாது."

"எதுவுமா?"

"எதுவும்தான் அக்கா. மூணு வருஷத்துக்கு நான் பொறுப்பு."

அவன் தேநீர் வைக்க உள்ளே போனதும் குல்ஸீரா, "துரை, அந்தக் கையைப் போய்ப் பாரு" என்றாள்.

அவன் விதைத்தோலைத் துப்பிவிட்டு அலட்சியமாகத்தான் போனான். குனிந்தவன் நிமிர நேரமாயிற்று. அறுந்த விரலைக் கைக்குட்டையில் சுற்றி மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு ஓடியவன் அவன்தான்.

"எப்பலேர்ந்து?"

"முதல் உப்புக்காத்துல டிக்கி மேல இருந்துச்சு. கழுவிட்டேன். அடுத்த காத்துல பின்சக்கரத்துக்கு மேல. அதையும் கழுவினேன். போன வாரத்துலேர்ந்து இங்க. இது கழுவினாலும் போகல."

யெர்போலாத் அந்தக் கையிலிருந்து ஓட்டுநர் கதவுவரை கண்ணாலேயே அளந்தான். "பூசிடலாம் அண்ணி. இன்னைக்கே. அண்ணன் என்னைக்கு இப்படிச் சத்தமில்லாம பின்னாடி வந்தாரு? தெருமுனையிலேயே ஹாரன் அடிச்சு ஊரைக் கூட்டுவாரே. இது அவரே இல்ல."

"அவரா இருந்தா?"

"அவரா இருந்தா..." கையில் மிஞ்சிய விதைகளைப் பைக்குள் போட்டான். "நிம்மதியாப் போகட்டும் அண்ணி. ஒரு காரைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு நிப்பாரு?"

கபர்ஸ்தானின் கல்லறைகளைக் கடக்கும்போது காரில் ஓடும் பாட்டை நிறுத்தி, இரண்டு கையையும் ஏந்தி முகத்தைத் தடவிக்கொள்ளாத ஓட்டுநர் அந்த ஊரில் இல்லை. குல்ஸீராவும் தடவிக்கொள்வாள், ஆனால் அங்கே அவளுக்கு யாரும் இல்லை. கபர் இல்லாதவனுக்கு எந்தத் திசையைப் பார்த்துத் துஆ கேட்பது? அந்தக் கை வந்த பிறகுதான் அவளுக்குத் திசை கிடைத்தது. அழித்துவிட்டால் காணாமல்போனவனைக் காட்ட இந்த உலகத்தில் வேறு எந்தத் தடமும் கிடையாது. ஆனால் தினமும் காலையில் ரொட்டித் தொழிற்சாலைக்குத் தனியாகக் காரை ஓட்டிப்போகிறவள் அவள். கண்ணாடியில் பின்பக்கம் பார்க்காமலே ஓட்டப் பழகியிருந்தாள். அடுத்த காற்றில் தன் கதவுப்பிடியில் அந்தக் கை இருக்கும், அதன் மேல் தன் கையை வைத்துத்தான் திறக்க வேண்டும் என்று நினைத்தபோதே உள்ளங்கை வேர்த்தது. பதினெட்டு வருடம் தன் தலையை வருடிய கை அது. அதைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

திலேமுராத் கிண்ணங்களோடு வந்தான். "பூசிடுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் கார் வீட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து அதன் பளபளப்பில் முகம் பார்த்துத் தலைசீவிக் காட்டிக் கேலி செய்தார்கள். குல்ஸீராவும் சிரித்தாள். பத்து நாள் கண்ணாடியில் பின்னால் பார்த்தே ஓட்டினாள்.

பதினோராம் நாள் காலை வடக்கிலிருந்து காற்று கிளம்பியது. நடுப்பகலில் வானமும் தெருவும் ஒரே வெள்ளை. உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது. தொழிற்சாலையில் விடுமுறை விட்டுவிட்டார்கள். மகன் தாஷ்கெண்டில் படிக்கிறான், வீட்டில் அவள் மட்டும்தான். ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்குக் காற்று பட்டென்று நின்றது. உடனே எழுந்து வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தினாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

கார் பளபளவென்று நின்றது. உப்பெல்லாம் வழுக்கி விழுந்து சக்கரங்களின் ஓரம் கோடு கட்டியிருந்தது. டிக்கியைப் பார்த்தாள். பின்கதவைப் பார்த்தாள். ஓட்டுநர் கதவில் கன்னத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது, ஒன்றுமில்லை. அப்பாடா என்றுதான் முதலில் வந்தது. அடுத்த மூச்சில், என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நெஞ்சு பதறி அழுகை வந்தது. காரின் மேல் சாய்ந்து அழுதாள். அவள் கண்ணீரும் அதில் ஒட்டவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். நீலக் கதவு முழுக்க உப்பு படிந்து மாவு பூசியது போல இருந்தது. சற்று முன்னால் அவள் பிடித்து இழுத்த இடத்தில் அவளுடைய விரல்கள் தெரிந்தன. அதற்கு மேலே, அவள் தலை உயரத்துக்கு, விரல்களை விரித்துக் கதவைத் தள்ளிய இடது கை. மோதிர விரல் பாதி. விளிம்பிலிருந்து உப்பு இன்னும் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

படிகளில் கிடந்த உப்பில் தன் காலடிகளைத் தேடினாள். வெளியே வந்த காலடிகள் அவளுடையவை. அவற்றின் மேலேயே பெரிய காலணித் தடங்கள் ஏறியிருந்தன. உள்ளே போன தடங்கள் மட்டும்.

சாவி அவள் மேல்சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். தன் வீட்டுக் கதவை இரண்டு முறை மெதுவாகத் தட்டிவிட்டு, திறக்கட்டும் என்று நின்றாள்.