கொக்கு இறங்காத குளம்

"மீனுக்கா, செடிக்கா?" என்று கொல்லையில் சின்னக் குளம் கட்ட வந்தவர் அவளிடம்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான். "மீனுக்குத்தாண்ணே. செடியை யாரு வேடிக்கை பாப்பா?"

"அப்போ இடுப்பளவு ஆழம் வேணும் தம்பி. சுவரும் செங்குத்தா இருக்கணும். சரிவா விட்டா கொக்கு இறங்கி விருந்து சாப்பிட்டுப் போயிடும்."

கொக்கு இறங்க முடியாத குளத்திலிருந்து குழந்தை எப்படி ஏறும்? மகள் இப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். அதை அவள் சொன்னதற்கு, "உனக்குக் குழாயைத் திறந்தாலே பயம்" என்று கணவன் சிரித்தான்.

கொல்லையில் குழி வெட்டி, தண்ணீர் கசியாமலிருக்கக் கறுப்பு விரிப்பும் போட்டாயிற்று. தண்ணீர் விடவிருந்த காலையில், அவள் மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கியபோது கூடத்தில் மகள் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

கொல்லைக்கு ஓடினாள். காய்ந்த குழியின் அடியில் மகள் உட்கார்ந்திருந்தாள். அடிபடவில்லை. எழுந்து சுவரைப் பிடித்து ஏறப் பார்த்தாள், வழுக்கி விழுந்தாள். மறுபடியும் எழுந்தாள், மறுபடியும் வழுக்கினாள்.

தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்த கணவன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." அவள் அவன் கையிலிருந்த குழாயைக் காட்டினாள். "மீனும் வேணாம், செடியும் வேணாம்ங்க. இவ முதல்ல வளரட்டும்."

அவன் உள்ளே குதித்து மகளைத் தூக்கி அவளிடம் நீட்டினான். பிறகு கறுப்பு விரிப்பை உருவிச் சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு, குளம் கட்டுபவரிடம் திருப்பிக் கொடுக்கப் போனான்.