தங்கத் தராசில் வெடிமருந்து

மஸாஹிர் நானா கடைக்குள் வந்ததும் வராததுமாக, குறி பார்த்துச் சுட்டு ஓட்டை விழுந்த மட்டையொன்றை என் கண்ணாடிப் பெட்டியின் மேல் போட்டார். கறுப்பு வட்டத்தின் நடுவில் ஓர் ஓட்டை. மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. ஒன்று மட்டையின் ஓரத்தையே கிழித்துக்கொண்டு போயிருந்தது. "தங்கச்சி, ஒங்கட தராசுல ஏதோ பிழை இரிக்கி" என்றார். மெல்லச் சொல்லியிருக்கலாம். துவக்கு வெடிக்கிற சத்தத்துக்குப் பழகிய மனிதர், மதுரங்குளிச் சந்தி முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் எப்போதும் பேசுவார். அந்நேரம் பார்த்து மர்ளியா ராத்தா மகளின் காப்பை நிறுக்கத் தந்துவிட்டு என் எதிரே உட்கார்ந்திருந்தார். காப்பைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பொறகு வாறன் பிரியா" என்று காப்பை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

தேங்காய்க்காரனின் தராசு பிழை என்றால் ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். நகைக்கடைக்காரியின் தராசு பிழை என்றால் சண்டையே வராது, ஆட்கள் வராமல் விட்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த அப்பா இந்தச் சந்தியில் கடை போட்டபோது எங்களை ஒருவருக்கும் தெரியாது. அவருடைய எடையை நம்பித்தான் ஊர் எங்களை நம்பியது. அப்பா போனபின் பட்டறையும் கடையும் என் கைக்கு வந்தன. அவர் தேடிவைத்த பெயரை நானா ஒரே வாக்கியத்தில் தட்டிக் கொட்டிவிட்டார். அவர்மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

தங்கம் நிறுக்கிற தராசுக்கும் துவக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நானாவின் பாட்டனார் வைத்திருந்த ஒற்றைத் தோட்டாத் துவக்கு இன்னும் அவரிடம் இருக்கிறது. லைசென்ஸ் உள்ளது. குறி பார்த்துச் சுடுகிற போட்டிக்கு மட்டுந்தான் வெளியே எடுப்பார். அதற்குரிய தோட்டா இப்போது எங்கும் விற்பனைக்கு இல்லை. சுட்ட பித்தளைக் கோதுகளையே கழுவிக் காயவைத்து, கறுப்பு வெடிமருந்தை அளந்து நிரப்பி, ஈயக்குண்டு பொருத்த வேண்டும். ஒரு கோதில் மருந்து சற்றுக் கூடி மற்றதில் குறைந்தால் குண்டு ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும். அதனால்தான் பொன் நிறுக்கிற தராசைத் தேடி வந்தார். நிறுத்துத் தா என்று மட்டுந்தான் கேட்டார். நான் சும்மா இருப்பேனா? குண்டைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஏன் தேன்மெழுகு பூசுகிறீர்கள், மருந்துக்கு மேல் ஏன் மட்டை வட்டம் வைக்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் முழு வேலையும் என் கைக்கு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சந்தி தூங்கிவழிகிற நேரத்தில் கடையைச் சாத்தி, பட்டறை நெருப்பை அணைத்து, தராசு ஆடாதிருக்க மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க நிரப்புவோம். மிஞ்சிய மருந்தை ஒரு துகள் விடாமல் அவரே வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பூட்டிவைப்பார். எனக்கு அது நகை செய்வதைவிடப் பிடித்த வேலையாகிவிட்டது.

அன்று பின்னேரமே படிக்கற்களை வைத்துத் தராசைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. மீதி ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தேன். அவையும் ஒன்றுபோல இருந்தன. ஆனால் கதை பரவிவிட்டது. மற்றக் கடையில் நிறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருந்தார்கள். எடை ஒன்றாகத்தான் வந்தது. இருந்தாலும் நிறுத்துப் பார்க்கத் தோன்றிவிட்டதே, அதுதான் வயிற்றெரிச்சல். போதாக்குறைக்கு, போட்டிக்கான தோட்டாவை நீர்கொழும்பில் ஓராளிடம் நிரப்பப்போவதாக நானா சொன்னார். அப்படி நடந்தால் சந்தியில் இருக்கிற மிச்ச நம்பிக்கையும் போய்விடும். "கொஞ்சம் பொறுங்கோ நானா. நான் ஒருக்கா வந்து பாக்கிறன்" என்றேன். கோபம் ஒரு பக்கம். ஒரு விஷயம் விளங்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது இன்னொரு பக்கம்.

சுடுகிற இடம் களப்பு நீரோரத் தென்னந்தோட்டத்தில், ஒரு மண்மேட்டின் முன்னால் இருந்தது. ஒரே நாளில் நிரப்பிய தோட்டாக்களை இரண்டாகப் பிரித்தேன். புதன்கிழமை பாதியைச் சுட்டார். ஓட்டைகள் எல்லாம் ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மூடிவிடலாம் என்கிற மாதிரி நெருங்கி விழுந்தன. வியாழக்கிழமை மறுபாதி. முதல் குண்டு நடுவில் விழுந்தது. இரண்டாவது விலகியது. அதன்பிறகு கட்டறுத்த மாடுமாதிரித் திசைக்கொன்றாகப் போயின. கண்டக்குழியிலிருந்து வந்து மட்டை மாற்றிக்கொடுக்கிற யாகப்பு அண்ணன், "எடைதான் பிள்ளை ஏறி இறங்குது" என்று உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த முதல் ஓட்டை மூளைக்குள் உட்கார்ந்துகொண்டது. நானா கடையில் கொண்டுவந்து போட்ட மட்டையிலும் நடுவில் ஒன்றே ஒன்றுதான். எடை பிழைத்திருந்தால் எந்தக் குண்டும் எங்கேயும் போயிருக்கும். முதலாவது மட்டும் எப்போதும் நேரே போவானேன்? துவக்கைத் துடைத்த துணியைக் கேட்டு வாங்கினேன். புதன்கிழமைத் துணியில் கரி கண்மை மாதிரி வழவழவென்று பிடித்திருந்தது. வியாழக்கிழமைத் துணியில் அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டிய மாதிரி காய்ந்த செதில்கள். துவக்குக் குழாய்க்குள் கரி இறுகியிருக்கிறது, அடுத்த குண்டு அதில் இடறுகிறது என்பது விளங்கியது. ஏன் வியாழக்கிழமை மட்டும் இறுகியது என்பதுதான் விளங்கவில்லை.

மற்றத் திங்கட்கிழமை பின்னேரம் கடையில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். மர்ளியா ராத்தா வாசலுக்கு வெளியே, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். காப்பைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். "உள்ளுக்கு வாங்கோவன்" என்றேன்.

"பொகை அடங்கட்டும் புள்ள. ரமழான்ல உட்ட களா நோன்பு ஒண்டு பாக்கி, இண்டைக்குப் புடிச்சிரிக்கன். பொகை தொண்டைக்குள்ள போனா முறிஞ்சிரும்."

சாம்பிராணிக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு முறை சுட்டதும் நானா துவக்கின் பின்பக்கத்தைத் திறந்து, வெற்றுக் கோதை எடுத்துவிட்டு, ஒரு குழாயை வைத்து உள்ளே ஊதுவார். புதன்கிழமை நெஞ்சு காலியாகும்வரை நிறுத்தி நிறுத்தி ஊதினார். வியாழக்கிழமை முகத்தை அந்தப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பேருக்கு ஒரு "பூ". யாகப்பு அண்ணன் வெட்டிக்கொடுத்த இளநீரையும், வயிறு சரியில்லை என்று தள்ளிவிட்டார். மனிதர் நோன்பு! ஊதுவது புகையை விரட்ட என்றுதான் பாட்டனார் காலந்தொட்டு நினைத்திருக்கிறார்கள். மூச்சிலுள்ள ஈரந்தான் கரியை இளக்கிவைக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தில் மர்ளியா ராத்தாவைக் கட்டிப்பிடித்திருப்பேன். அவரிடம் அங்கேயே சொல்லியிருந்தால் விடிவதற்குள் சந்தியெல்லாம் என் தராசின் பெயர் தப்பியிருக்கும். ஆனால் ரமழானும் இல்லாத நாளில், கூட இருக்கிற சிநேகிதருக்கே வயிறு சரியில்லை என்று மறைத்துப் பிடிக்கிற நோன்பு அது. அதை அவிழ்க்க நான் யார்? வாய் நுனிவரை வந்ததை விழுங்கினேன். காப்பை நிறுத்துச் சொன்னேன். ராத்தா தலையை ஆட்டினார், நம்பினாரோ தெரியாது.

போட்டிக்கும் நானே நிரப்புகிறேன் என்று நானாவிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டு வாங்கினேன். அந்தப் போட்டியும் ஒரு வியாழக்கிழமையில் வந்து விழுந்தது. பொது விடுமுறையானதால் சந்திச் சனம் குடும்பத்தோடு தோட்டத்துக்கு வந்திருந்தது. நானாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அன்றும் நோன்புதான். சுடுகிறவர் ஓர் உதவியாளை வைத்துக்கொள்ளலாம். தோட்டா எடுத்துக்கொடுக்க என்று பக்கத்தில் போய் நின்றேன். முதல் வெடி வைத்தார். நடுவில் விழுந்தது. பின்பக்கத்தைத் திறந்து கோதை எடுத்துவிட்டுக் குழாயைத் தேடியபோது, பைக்குள்ளிருந்து என் பட்டறை ஊதுகுழலை எடுத்தேன். நகை பற்றவைக்க நெருப்பை நூல் மாதிரி இழுத்துப் பிடிக்கிற பித்தளைக் குழல் அது.

"நானா, நான் ஊதுறன்" என்றேன்.

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஆரு சென்ன?" என்றார், அந்த உரத்த மனிதர், எனக்குமட்டும் கேட்கும்படி.

"ஒருத்தரும் சொல்லேல்ல."

பின்னாலிருந்து யாகப்பு அண்ணன் சிரித்தார். "என்ன பிள்ளை, தராசில விட்ட பிழையை ஊதிச் சரிக்கட்டப் போறியோ?" கூடியிருந்த சனமும் சிரித்தது. மர்ளியா ராத்தாவும் புருசனோடு அங்கே நின்றார். முகம் பற்றி எரிந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். குழலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி நின்றேன்.

நானா துவக்கை மேசையில் கிடத்திவிட்டுத் திரும்பினார். "தராசுல ஒரு பிழையுமில்ல" என்றார். சந்திக்கே கேட்கிற பழைய குரல். "நான் நோன்பு. நேர்ச்சை நோன்பு, திங்களும் வியாழனும். பொகைக்குப் பயந்து ஒழுங்கா ஊதாம உட்டது நான். அந்தப் புள்ளட எடை சரி."

எதற்கான நேர்ச்சை என்று கேட்க என் நாக்குத் துடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வியை அடக்கிக்கொண்டேன். அவர் ஒதுங்கி இடம்விட்டார். நான் குனிந்து, குழலைப் பொருத்தி, பற்றவைக்கும்போது ஊதுகிற அதே மூச்சை, அவசரப்படாமல் உள்ளே விட்டேன். இன்னொரு மூச்சு. இன்னுமொன்று. துவக்கின் மறுமுனையிலிருந்து புகை மெல்லிய கயிறாக வெளிவந்து, களப்பின் பக்கம் சாய்ந்து போனது. நிமிர்ந்தபோது, நானா என் முன்னால் வெறும் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு அடுத்த தோட்டாவுக்காக நின்றார்.