கமலாசனி வீட்டு வெடிப்பு

கனகராயன்குளத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் குடியிருப்பில் கடிகாரம் தேவையில்லை. பகல் பன்னிரண்டுக்குக் கல்லுக் குவாரியில் சங்கு ஊதும், பாறைக்கு வெடி வைப்பார்கள், சோற்றில் வெள்ளைத் தூள் விழும். அவர்கள் நாட்டை அபிவிருத்தி செய்கிறார்கள். நாங்கள் அதைப் பிசைந்து தின்கிறோம்.

பக்கத்து வீட்டுக் கமலாசனியின் மகள் தனுஷாவுக்கு ஏழு வயது. மூச்சு இழுப்பு வருத்தம். தூசி நுழையாமல் வீட்டைப் பூட்டி வைக்கச் சொன்னார் டொக்டர். அருமையான ஆலோசனை. வெடி அதிர்ந்து அதிர்ந்து சுவரே கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. குவாரி என்று எழுதினால் கடிதம் காணாமல் போய்விடும் என்பது எங்கள் அனுபவம். அதனால் பிரதேச செயலகத்துக்குக் கமலாசனி சுருக்கமாக எழுதினாள்: "என் வீட்டில் பெரிய வெடிப்பு இருக்கிறது. பிள்ளைக்கு ஆபத்து. வந்து பாருங்கள்."

போர் நடந்த வன்னியில் வெடிப்பு என்றால் சுவரையா நினைப்பார்கள்? மூன்றாம் நாளே கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து இறங்கினார்கள். வீட்டைச் சுற்றி மண்டையோட்டுப் பலகைகள் நட்டு, தாயையும் மகளையும் என் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"ஐயோ தம்பி, நான் சொன்னது சுவர் வெடிப்பு" என்றாள் கமலாசனி.

"விளங்குது அக்கா. ஆனா முறைப்பாடு வந்தா காணி முழுக்கத் தேடித்தான் ஆகோணும்" என்றான் பொறுப்பாளர் திலீபன்.

தேடி முடியும்வரை நிலம் அதிரக்கூடாதாம். குவாரியில் வெடி வைக்கத் தடை போட்டார்கள். மண்ணுக்குள் இருக்கிறதோ இல்லையோ தெரியாத குண்டுக்காகக் குவாரி நின்றது. கண்ணெதிரே மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைக்காக ஒரு நாளும் நிற்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் அந்தப் பத்து நாளும் சொர்க்கம். ஐந்தாம் நாளில் இருந்து தனுஷா மூச்சுக்குப் பம்ப் அடிக்காமலே நித்திரை கொண்டாள். ஓடிப் பிடித்து விளையாடினாள்.

பதினோராம் நாள் திலீபன் சிரித்த முகத்தோடு ஒரு தாளை நீட்டினான்.

"நல்ல செய்தி அக்கா. உங்கட காணியிலை ஒண்டுமே இல்லை. இண்டைக்கே பலகையளைக் கழட்டிறம், இனி வெடி வைக்கலாமெண்டு குவாரிக்கும் சொல்லியாச்சு. இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ."

கமலாசனி பேனையை வாங்கவில்லை. என் முற்றத்தில் துள்ளிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"வடிவாப் பாத்தனீங்களோ தம்பி? கிணத்தடியிலை இன்னொருக்காப் பாருங்கோவன்" என்று கெஞ்சினாள். "ஒரு சின்னக் குண்டாவது கிடக்கும்."