காக்காய் இறங்கும்வரை

பருந்துகளைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. மார்ச் மாதம் வந்துவிட்டால் ரூபனும் நானும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, ஈயம் தோண்டிவிட்டுப்போன இந்தக் குட்டைக் கரையில் கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்து நிற்போம். தெற்கேயிருந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் ஈப்போவின் சுண்ணாம்பு மலைகளைத் தாண்டி இந்தப் பக்கமாகப் போகும். ஒன்று கண்ணில் பட்டால் போதும், ரூபன் சின்னப் பிள்ளை மாதிரி குதிப்பான். அன்று அவனுக்கே பதினாறாம் நாள் கருமாதி, அதே கரையில்.

ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் இருவருக்கும் ஒரே கிலாங்கில் வேலை. ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வீடு திரும்பியவனை லோரி இடித்துவிட்டது. எனக்கு இன்னும் அவன்மேல் கோபம் தீரவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமலா ஒருத்தன் போவான்?

குட்டைக்குப் பின்னால் தெரிவது அவன் குடும்பம் ஒரு காலத்தில் ரப்பருக்குப் பால்மரம் வெட்டிய தோட்டம். இப்போது எல்லாம் செம்பனை. ஈப்போ டவுன் பக்கம் புந்தோங்குக்குக் குடிபோய் வெகுகாலமாகியும் கருமாதிக்கு மட்டும் இங்கேதான் வருவார்கள்.

பண்டாரம் சடங்கை முடித்து, வாழையிலையில் பிண்டத்தோடு ரூபனுக்குப் பிடித்த மீ கோரிங்கையும் வைத்துவிட்டு எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். காக்காய் எடுத்தால் செத்தவன் மனம் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். எடுக்காவிட்டால் அவனுக்கு ஏதோ குறை. அது என்னவென்று யோசித்து, தீர்த்துவைப்பதாக இருப்பவர்கள் வாக்குக் கொடுக்கவேண்டும். நான் கிறிஸ்துவன், எங்கள் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. இருந்தாலும் காக்காய் சீக்கிரம் வரவேண்டுமென்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

காக்காய்களுக்குப் பஞ்சமில்லை. செம்பனை மட்டைகளில் ஒரு கூட்டமே காத்திருந்தது. ஆனால் வெயில் ஏறியதும் மலைப்பக்கமிருந்து தேன்பருந்துகள் கிளம்பி, சரியாக எங்கள் தலைக்கு மேலே வந்து வட்டம் போட ஆரம்பித்தன. அவ்வளவுதான், காக்காய்கள் சோற்றை மறந்து கத்திக்கொண்டே மேலே பறந்து அவற்றைத் துரத்தத் தொடங்கிவிட்டன. இலையில் ஈ மட்டும் மொய்த்தது.

ரூபனின் அண்ணன் மாயாண்டியிடம் போய் மெதுவாகச் சொன்னேன். "அண்ணே, கொஞ்சம் பொறுங்க. பருந்து சூட்டுக் காத்துல மேல ஏறிட்டு அப்படியே போயிரும். காக்கா தானா இறங்கும்."

"இது குருவி பாக்குற எடமாடா? உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரியாது பாஸ்கல். சும்மா இருலா."

மாயாண்டி கைகூப்பி, "தம்பி, அம்மாவ நான் பாத்துக்குறேன்டா, எடுத்துக்கடா" என்றார். காக்காய் வரவில்லை. சித்தப்பா பத்துமலை இனிமேல் பியரைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதற்கும் வரவில்லை. அந்தச் சத்தியத்தை ரூபனே நம்பியிருக்கமாட்டான்.

அப்புறம் எல்லார் கண்ணும் தினேஸ்வரி பக்கம் திரும்பியது. ரூபனின் மனைவி. நாலு வயது மகள் ஷர்மினியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். பினாங்கில் இருக்கும் அவளுடைய அக்கா புனிதா, ஒரு கிளினிக்கில் அவளுக்கு வேலை பேசி, வீட்டில் ஒரு ரூமையும் ஒழித்து வைத்திருந்தாள். இது ரூபன் இருந்தபோதே போட்ட திட்டம். "மச்சான், அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. ஆனா மூணு பேரும் போயிருவோம்லா. அவ படிச்ச படிப்பு வீணாப் போகுது" என்று என்னிடம் சொல்லியிருந்தான். அம்மாவிடம் சொல்லுமுன் அவன் போய்விட்டான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தினேஸ்வரி சொன்னதும் வீட்டில் பூகம்பம். ரூபன் சொன்னதை நானும் எடுத்துச் சொன்னேன். செத்தவன் பேரில் கதை கட்டாதே என்றார்கள்.

மாமியார் வீரம்மாவைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. மகன் போன வீட்டிலிருந்து பேத்தியும் போனால் அந்த அம்மாள் யார் முகத்தைப் பார்த்து எழுந்திருப்பாள்?

வீரம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன் வாயால கேக்கணும்னுதாம்மா நிக்கிறான். புள்ளைய இங்கருந்து கொண்டு போகமாட்டேன்னு சொல்லிரும்மா. பசியோட நிக்கிறாம்மா எம்புள்ள."

நான் மேலே பார்த்தேன். உச்சியிலிருந்த பருந்து சுற்றுவதை நிறுத்தி, இறக்கையை விரித்து வடக்கே வழுக்கிக்கொண்டு போனது. அதன் பின்னால் இன்னொன்று. முடிந்தது, இன்னும் கொஞ்ச நேரந்தான். "தங்கச்சி, பொறு, பேசாத!" என்று கத்தினேன். பெண்களின் ஒப்பாரியில் என் குரல் எங்கே எடுபடும்?

தினேஸ்வரி இலையைப் பார்த்துச் சொன்னாள். "நான் போகலங்க. புள்ளைய இங்கயே வளக்குறேன். சாப்பிடுங்க."

காக்காய்கள் இறங்கின. முதலில் வந்தது பிண்டத்தில் ஒரு வாய் கொத்தியது. "ஐயோ ரூபா!" என்று கூட்டமே அலறியது. மாயாண்டி தரையில் விழுந்து கும்பிட்டார். எனக்கு அந்தக் காக்காயைக் கல்லால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

எல்லாரும் வண்டிப் பக்கம் நகர்ந்தபோது, அவள் மட்டும் தண்ணீரோரம் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"தங்கச்சி, பருந்து போனதாலதான் காக்கா இறங்குச்சு. நீ பேசுறதுக்கு முந்தியே அதுங்க கிளம்பிருச்சு. நீ ஒண்ணும் சொல்லலன்னாலும் வந்திருக்கும். அந்த வாக்கெல்லாம் செல்லாதும்மா."

"தெரியும் அண்ணே. நானும் மேலதான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவருகூடக் குடும்பம் நடத்துனவளுக்கு அதுகூடத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சொன்ன?"

அவள் சேலை நுனியைப் பிழிந்தாள். அழுகை இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பருந்து போனதால காக்கா வந்துச்சு, சரி. அந்தப் பருந்த இன்னைக்கு இங்க கூட்டிட்டு வந்தது யாருண்ணே? போகலன்னு நான் மனசுல முடிவு பண்ண உடனே அதுங்க நகந்துச்சு. நகரச் சொன்னது யாரு?"

காற்று, வெயில், பருவம் என்று ரூபனும் நானும் சேர்ந்து கற்றுக்கொண்டதையெல்லாம் சொல்லியிருக்கலாம். வருடமெல்லாம் அவன் காத்துக்கிடந்த பறவை அவன் கருமாதிக்கே வந்துவிட்டுப் போயிருக்கிறது. அவன் மனைவியிடம் அது வெறும் காற்று என்று எப்படிச் சொல்வேன்? அவளுக்காக வந்த அழுகையை அடக்க முடியாமல் குட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வண்டியிலிருந்து மாயாண்டி ஹாரன் அடித்தார். தினேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அக்கா, அந்த ரூமை வேற யாருக்காச்சும் வாடகைக்கு விட்டுரு. இல்லக்கா, நல்லாதான் நடந்துச்சு. காக்கா எடுத்துருச்சு."