ஆறாவது சீட்டு

ஏழு நிமிடம் முடிந்ததும் சிவப்பு அட்டையை உயர்த்த வேண்டும். ரோண்டாவின் வேலை அவ்வளவுதான். அட்டையை மடியில் கவிழ்த்து வைத்து, கல்லூரியின் ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்தபடி அவள் முதல் வரிசையில் அமர்ந்திருந்தாள். வகுப்புக்கு ஒருவர் நேரம் பார்ப்பது பேச்சு ஆசிரியை மிஸ் ஹேன்லியின் ஏற்பாடு. பெயர் வரிசைப்படி முறை வரும். தன் முறை இன்று வந்ததற்கோ, இன்று கடைசியாகப் பேசப்போகிறவன் தன் கணவனாக இருப்பதற்கோ ரோண்டா பொறுப்பல்ல. பின்னாளில் அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்களுள் இதுவும் ஒன்று.

ஃபிரிட்ஜ் கதவுத் தொழிற்சாலை மூடப்பட்டபோது, வேலை இழந்தவர்கள் இரண்டு வருடம் படிக்க இண்டியானா மாநில அரசு உதவியது. அவள் கணவன் லாயிட் குளிர்சாதனப் பழுதுபார்ப்பையும் ரோண்டா அலுவலக நிர்வாகத்தையும் எடுத்தார்கள். எதை எடுத்தாலும் பேச்சு வகுப்பு கட்டாயம். முன்பு பல்பொருள் அங்காடியாக இருந்த கட்டடத்தில்தான் கல்லூரி நடந்தது. காலணிப் பிரிவு இருந்த இடத்தில் பேசக் கற்றுக்கொடுத்தார்கள்.

சேர்ந்த அன்று ரோண்டாவுக்கு இருந்த ஒரே கவலை லாயிடைப் பற்றியது. அவன் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவான். பாதி வழியில், எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்தவனைப்போல் நின்றுவிடுவான். மீதியை ரோண்டா சொல்வாள். உணவகத்தில் அவனுக்கு வேண்டியதைச் சொன்னவள் அவள். மருத்துவரிடம் அவனுடைய இடுப்புவலியை விவரித்தவளும் அவளே. முப்பத்தொரு வருடத்தில் அவள் எடுத்துக்கொடுத்த சொல் தவறென்று அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இதை அவள் ஒரு சான்றிதழாகவே வைத்திருந்தாள்.

முதல் பேச்சில் ரோண்டாவுக்குத் தொண்ணூற்றொன்று. முன்னுரை, மூன்று கருத்துகள், முடிவுரை, எதிலும் குறையில்லை. அதே நாளில் லாயிட், சாய்ந்த கதவை நேராக்குவது எப்படி என்று பேசினான். வழக்கம்போல் பாதியில் நின்றான். ரோண்டாவின் நாக்கு நுனிவரை சொல் வந்துவிட்டது. ஆனால் மிஸ் ஹேன்லி முதல் வாரமே சொல்லியிருந்தாள்: "யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பேசுறவங்க நின்னா, நாமளும் காத்து நிக்கணும்." எல்லோரும் காத்திருந்தார்கள். யாரோ நாற்காலியை முன்னுக்கு இழுக்கும் ஓசை கேட்டது. லாயிட் அந்தச் சொல்லைத் தானே தேடி எடுத்து வந்தான். அது ரோண்டா வைத்திருந்த சொல் அல்ல.

அவனுக்குத் தொண்ணூற்றாறு. கேட்டவர்கள் எழுதித் தரும் கருத்துத் தாள்களை அன்று மாலை இருவரும் சமையலறை மேசையில் பரப்பிப் பார்த்தார்கள். 'தெளிவாக இருந்தது' என்று ரோண்டாவுக்குப் பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். லாயிடுக்கு ஒருவர், 'நீங்கள் நின்றபோது நான் மூச்சுவிட மறந்தேன்' என்று எழுதியிருந்தார். ரோண்டா தாள்களை ஓரம் பார்த்து அடுக்கி, தன்னுடையதை மேலே வைத்தாள்.

பயிற்சிக்கு ஆளுக்கொரு துணை உண்டு. கணவன் மனைவி துணையாக முடியாது. லாயிடுக்கு ட்வைலா வாய்த்தாள். தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் இருபது வருடம் இருந்தவள், கணவனை இழந்தவள், உரக்கச் சிரிப்பவள். வியாழக்கிழமைதோறும் நூலகத்தின் கண்ணாடி அறையில் இருவரும் பயிற்சி செய்தார்கள். ரோண்டா வெளியே காரில் குறுக்கெழுத்துப் புதிரோடு காத்திருந்தாள். லாயிடின் கைகள் அசைவது தெரியும். ட்வைலா மோவாயைக் கையில் தாங்கி, வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஊருக்கே கேட்கும்படி பேசுகிற பெண் தன் கணவனுக்காக மௌனமாக இருந்தாள். அவர்கள் கைகோத்து உட்கார்ந்திருந்தால்கூட ரோண்டாவுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

கடைசிப் பேச்சு ஒருவரைப் பாராட்டிப் பேசுவது. சிறந்ததைப் பேசியவர் டிசம்பரில் ஊர் மக்கள் முன்னால் அதை மேடையேற்றலாம்.

"யாரைப் பத்திப் பேசப் போற? டேலைப் பத்தியா?" என்று ரோண்டா கேட்டாள்.

லாயிட் பேச்சுக் குறிப்பு எழுதிய சீட்டுகளைக் கவிழ்த்தான். "சொன்னா நீ முடிச்சு வச்சிருவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இந்தச் சிரிப்பு எந்த அறையில் கற்றுக்கொண்டது என்று ரோண்டாவுக்குத் தெரியும்.

பேச்சு நாளன்று காலை கல்லூரிக் காபி இயந்திரத்தின் அருகில் ட்வைலா வந்து நின்றாள். "ஏம்மா ரோண்டா, இம்புட்டுப் பேசுற மனுஷனை முப்பது வருஷமா அலமாரியில வச்சுப் பூட்டியிருந்தியா?"

"பூட்டல்லாம் இல்ல. நீ தட்டினதும் திறந்துக்கிச்சு போல."

"நான் எங்க தட்டினேன்? சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்." ட்வைலா சிரித்துக்கொண்டே சர்க்கரையைக் கலக்கினாள். "நீயும் ஒரு தடவை உட்கார்ந்து பாரேன்."

இப்போது லாயிட் ஏழு சீட்டுகளோடு எழுந்து நின்றான். ரோண்டா ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

டேலைப் பற்றித்தான் பேசினான். தொழிற்சாலையின் கதவு தயாரிப்பு வரிசையில் லாயிடுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவன். ரோண்டா மனத்துக்குள் தலையசைத்துக்கொண்டாள். ஆனால் மூன்றாவது சீட்டில் கதை அவளுக்குத் தெரியாத தெருவில் திரும்பியது. தொழிற்சாலை மூடிய அன்று இருவரும் டேலின் வண்டியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். "கருவிகளை ஒப்படைக்க நேரமாச்சு" என்றுதான் அன்று வீட்டில் சொல்லியிருந்தான். ஆறிப்போன சாப்பாட்டுக்காக அவள் திட்டியதும் நினைவிருந்தது.

"நான் அழுதேன்," என்றான் லாயிட். "டேல் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வச்சான். நான் அழுறது தன் காதுல விழக் கூடாதுன்னு இல்ல. அவன் கேக்கலைன்னு நான் நினைச்சுக்கணும்னு."

தாயை அடக்கம் செய்த அன்றுகூட அழாதவன். இதை இப்போது பத்தொன்பது பேர் அறிவார்கள். இருபதாவது ஆளாக அவள் அறிந்தாள். பின்வரிசையில் ட்வைலா முன்கூட்டியே கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆக, அவளுக்கு இது பழைய செய்தி.

லாயிட் ஐந்தாவது சீட்டைப் பின்னால் தள்ளினான். "அப்புறம் வீட்டுக்குப் போனேன். வீட்டுல..."

நின்றான்.

வகுப்பே நின்றது. ரோண்டாவுக்கு இந்த இடம் பழகிய இடம். இங்கேதான் எப்போதும் அவள் நுழைவாள். இன்று வாயைத் திறக்க அனுமதியில்லை. கடிகாரம் ஐந்து நிமிடம் பதினோரு வினாடி காட்டியது. அவள் கை சிவப்பு அட்டையை உயர்த்தியது.

லாயிட் பார்த்தான். சந்தேகப்படவில்லை. நேர விஷயத்தில் ரோண்டா தவறியதேயில்லை. "அவ்வளவுதான். நன்றி," என்று மீதிச் சீட்டுகள் இரண்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பின்னாலிருந்து மிஸ் ஹேன்லி எழுதுகோலை உயர்த்தினாள். "ரோண்டா, நேரம்?"

"ஏழு," என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.

"முடிவு அறுந்து போச்சே, லாயிட். அது மட்டும் இருந்திருந்தா..." மிஸ் ஹேன்லி முடிக்காமல் தாளில் எதையோ எழுதினாள். ட்வைலா ரோண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமைப் பயிற்சிகளில் கடிகாரம் பிடித்தவள் அவள்; இந்த இடம் எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பேசவில்லை. அவள் எதற்காக மௌனமாக இருக்கிறாள் என்று ரோண்டாவுக்கு இம்முறை விளங்கவில்லை.

திரும்பும் வழியில் தண்டவாளத்துக்கு முன்னால் சாலைத் தடுப்பு இறங்கியது. சரக்கு ரயில் வரத் தொடங்கியது. லாயிட் எஞ்சினை அணைத்தான்.

"ட்வைலாகிட்டச் சொன்னப்பல்லாம் சரியா முடிஞ்சுது. இன்னிக்கு ரொம்ப நேரம் நின்னுட்டேன் போல."

ரோண்டாவின் கை கோட்டுப் பைக்குள் போனது. திருப்பிக் கொடுக்க மறந்த ஸ்டாப்வாட்ச் அங்கே இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தாள். அவசரத்தில் அவள் அழுத்திய பொத்தான் சரியாகப் பதியவில்லை; கடிகாரம் நிற்கவே இல்லை. எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"வீட்டுக்குப் போனேன்னு சொன்னியே," என்றாள். "அப்புறம்?"

அவன் கை சட்டைப்பைவரை போயிற்று, சீட்டுகளை எடுக்கவில்லை. "வீட்டுல..." என்றான்.

பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருந்தன. பையின் விளிம்புக்கு மேல் தெரிந்த இரண்டு வெள்ளை ஓரங்கள் அவன் மூச்சோடு ஏறி இறங்கின. அந்த வாக்கியத்தை முடிக்க ரோண்டாவிடம் மூன்று சொற்கள் தயாராக இருந்தன. கடிகாரத்தை உள்ளங்கையில் கவிழ்த்து மூடிக்கொண்டு, அவள் ரயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.