இரண்டாவது ஸ்க்ரூ

முதல் ஸ்க்ரூவை முறுக்கியது நன்றாக நினைவிருக்கிறது, உள்ளங்கை சிவந்துபோகும்வரை முறுக்கினாள், இதற்குமேல் திரும்பமாட்டேன் என்று அது கிறீச்சிட்டதுகூடக் காதில் இருக்கிறது, ஆனால் இரண்டாவது... இரண்டாவதை முறுக்கினாளா? அதற்குள் நாலாவது மாடி வீட்டம்மா கதவைத் திறந்து லிஃப்ட் எப்போதம்மா ஓடும் என்று கேட்டார், இவள் திரும்பி ஏதோ சொன்னாள், மறுபடி முக்காலியில் நிமிர்ந்தாள், தகர மூடியைப் போட்டாள். நடுவில் என்ன செய்தாள்? கை செய்ததைத் தலை பார்க்கவில்லை. இப்போது அதே லிஃப்ட் நாலாவது மாடியைத் தாண்டும்போது ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது, உள்ளே டீ ஃபிளாஸ்க்கோடு இவள், தோளில் பெரிய அட்டைப்பெட்டியோடு ஒருவர், விடைத்தாள் கட்டோடு ஒரு டீச்சர். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதுதான் சிக்கல். கரண்ட் போயிருந்தால் விளக்கும் போயிருக்கும், பழியை அதன் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக நிற்கலாம். ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு காண்டாக்ட் உண்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற சுவிட்ச், கதவு சாத்தியிருக்கிறது என்று மோட்டாருக்குச் சொல்வது அதன் வேலை, ஒரே ஒரு மாடியில் அது விட்டுப்போனாலும் லிஃப்ட் அப்படியே நின்றுவிடும். நாலாவது மாடி காண்டாக்டைக் காலையில் மாற்றியது இவள்தான், இந்த இன்டர்ன்ஷிப்பில் இவள் கையில் ஸ்க்ரூடிரைவர் வந்ததே இன்றைக்குத்தான்.

பெட்டிக்காரர் அதற்குள் இவள் முதுகைப் படித்துவிட்டார். கம்பெனி பெயர் போட்ட சட்டை, அதுவும் ஆண்கள் அளவு, தோள் முழங்கை வரை தொங்கும். லிஃப்ட்காரப் பொண்ணுதானே நீ, சரி பண்ணும்மா என்றார், ஏதோ கைப்பையில் சாவி வைத்திருப்பவளிடம் கேட்பதுபோல. என்னத்தைச் சரி பண்ணுவது... வந்த நாளிலிருந்து ஒப்புக்குச் சப்பாணி, டார்ச்சைப் பிடி, பையைத் தூக்கு, கிரீஸைத் துடை. மெக்கானிக் அண்ணன் மோசமில்லை, திட்டமாட்டார், ஆனால் கேட்கவும் மாட்டார். இவள் வந்த நாளும் லிஃப்ட் ஓடியது, காய்ச்சலில் படுத்த நாளும் ஓடியது. கல்லூரியிலும் அதே கதைதானே, நாலு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட் மோட்டாரில் இவள் ஒட்டியது பெயர்ச் சீட்டு மட்டும். அம்மா சொல்வது நியாயம்தான், பெரியப்பா ஆபீஸில் இடம் இருக்கிறது, படிப்பு முடிந்ததும் சேர்ந்துவிடலாம், இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏசி ரூம், தப்பு பண்ணினாலும் அழித்துவிட்டுத் திருப்பி டைப் பண்ணிக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் அம்மா. சரி என்று சொல்வதாகத்தான் இருந்தாள், மேலே மெஷின் ரூமில் இருக்கும் அண்ணனுக்கு டீ வாங்கிக்கொண்டு இதில் ஏறியபோதுகூட. முறுக்கினேனா இல்லையா... மூடியைப் போடும் முன் ஸ்க்ரூடிரைவர் வலக்கையில் இருந்ததா, இடக்கையிலா? இடக்கையில் என்றால் முறுக்கியிருக்க முடியாது. கடவுளே, வலக்கையாக இருக்கட்டும்.

பெட்டிக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கதவு இடுக்கில் விரலை நுழைத்து இழுக்க ஆரம்பித்தார். கதவு கொஞ்சம் விலகியது, பாதி சுவர், அதற்குக் கீழே கருப்பாக ஒரு சந்து.

"கையை எடுங்க சார்."

யார் பேசியது? இவள்தான். டீச்சரே விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார், அந்த அம்மாள் லிஃப்ட் நின்ற நிமிஷமே சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டிருந்தார், யார் தலையெழுத்தோ. அந்தச் சந்து வழியாகக் குதிக்கப்போனால் கால் வழுக்கி நேரே அடிப்பள்ளத்துக்குத்தான் போவீர்கள் என்று இவள் சொன்னாள், டார்ச் பிடித்துப் பிடித்து அந்தப் பள்ளத்தை அவ்வளவு பார்த்திருக்கிறாள். அவர் விரலை எடுத்துவிட்டார், முணுமுணுத்துக்கொண்டேதான். சுவரிலிருந்த இன்டர்காம் பொத்தானை அழுத்தினாள், கீழேயிருந்து வாட்ச்மேனின் குரல் கரகரத்தது, மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டாராம். அடுத்து என்ன நடக்கும்? டார்ச் பிடித்தபடி பார்த்ததுதான்... "இப்ப லைட் அணையும், பயப்படாதீங்க, மெக்கானிக் அண்ணன்தான் அணைக்கிறார். மேல சக்கரத்தைக் கையால சுத்தி நம்மள இறக்குவார்." அணைந்தது. சொன்ன மாதிரியே அணைந்ததில் இவளுக்கே ஆச்சரியம். லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது, இருட்டில் பெட்டிக்காரர் இவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், விடச் சொல்ல மனம் வரவில்லை. இவருக்கு மட்டும் தெரிந்தால்... இவரை இங்கே மாட்டிவிட்டதே நானாக இருக்கலாம் என்று தெரிந்தால் இந்தப் பிடி எங்கே இருக்கும்?

வாட்ச்மேன் சாவி போட்டுத் திறந்தது நாலாவது மாடிக் கதவு, அதே கதவு. டீச்சர் தாங்க்ஸ்மா என்று சொல்லிப் படியேறினார், பெட்டிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இனிமேல் ஜென்மத்துக்கும் படிதான் என்றார். அண்ணன் கையைத் துடைத்தபடி மேலிருந்து இறங்கி வந்தார், முகத்தில் ஒன்றும் இல்லை. "கரண்ட் கூடக்குறைய வந்திருக்கும், இந்த பில்டிங்ல அது சகஜம். நீ டீயை ஊத்து, நான் பார்த்துக்கறேன்." ஓ... விளக்கு எரிந்தாலும் அப்படி நிற்குமாம். அப்பாடா என்று இருக்க வேண்டும். ஏன் இல்லை? ஏன் யாரோ கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது? இவள் கை பட்டு லிஃப்ட் நின்றது என்பதுகூட இல்லையா? ஃபிளாஸ்க்கை அவர் கையில் கொடுத்தாள். "காலைல நான்தாண்ணே மாட்டினேன். நானே பார்க்கறேன்." அவர் ஒரு விநாடி இவளைப் பார்த்தார், ஸ்க்ரூடிரைவரை நீட்டினார், படியில் உட்கார்ந்து மூடியைத் திருகித் தானே டீயை ஊற்றிக்கொண்டார். சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது, அம்மாதான், வேறு யார், சாயங்காலம் ஆகிவிட்டதே. அதிரட்டும். முக்காலியில் ஏறித் தகர மூடியைக் கழற்றினாள். முதல் ஸ்க்ரூ அசையவில்லை. இரண்டாவதை நோக்கி விரலை நீட்டியபோதுதான் தெரிந்தது, அது தளர்ந்திருக்க வேண்டும் என்று இவ்வளவு நேரமும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருக்கிறாள்.