பதினேழு முத்திரைகள்

இருப்புச் சரிபார்ப்பு நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நூலகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நூலகர், அவள் வீட்டில் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்த அவள் அண்ணன், மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி, தினமும் முதல் ஆளாக வந்து செய்தித்தாளைப் பிடித்துக்கொள்ளும் பேப்பர் பெரியவர், இறந்துபோன கடிகாரக்காரரின் மனைவி. ஆறாவதாக ஒருவர் இல்லை.

கடிகாரக்காரரின் மனைவி ஒரு தடிப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். "கடையை ஒழிச்சப்ப கெடைச்சுதுங்க. அவரு போனதுலேர்ந்து எட்டு மாசமா டிராயர்லயே கெடந்திருக்கு. மன்னிச்சுக்கங்க."

நூலகர் கைநீட்டுவதற்குள் அதிகாரி மரப்பெட்டியிலிருந்து கடிகாரக்காரரின் அட்டையை உருவிவிட்டார். புத்தகம் வெளியே இருக்கும்வரை வாசகரின் அட்டை அந்தப் பெட்டியில் இருக்கும். நேரில் வந்து கேட்டால் இன்னும் பதினான்கு நாள் கொடுத்து அட்டையில் தேதி குத்த வேண்டும். வாசகர் இறந்துவிட்டால் அட்டையின் மூலையை வெட்டிவிட வேண்டும். இந்த அட்டையின் நான்கு மூலைகளும் முழுசாக இருந்தன.

"அம்மா, ஆள் போய் எட்டு மாசம்கிறாங்க. அதுக்கப்புறம் பதினேழு தடவை புதுப்பிச்சிருக்கு. வர்ற வியாழன் வரைக்கும் தேதி இருக்கு. யார் வந்து கேட்டாங்க?" என்று அதிகாரி நூலகரிடம் கேட்டார்.

பேப்பர் பெரியவர் தாளை இறக்கினார். "போன எடத்துலயும் விடாம படிக்கிறான் போலிருக்கு!"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து நின்றார். "என் தங்கச்சி இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தேதி தப்பாக் குத்தினவ இல்ல. எங்க வீட்டுல பொய்யா எழுதற வழக்கம் கெடையாது. பாத்துப் பேசுங்க."

அண்ணன் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நூலகருக்குத் தோன்றியது.

பத்தொன்பது வருடங்கள், ஒன்றுவிட்டு ஒரு வியாழன், மாலை நாலரை மணிக்குக் கடிகாரக்காரர் வருவார். சட்டைப் பையில் பூதக்கண்ணாடி, விரல் நுனியில் எண்ணெய்க் கறை. "நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்பார். அந்த ஒரு புத்தகத்துக்காக அவள் பதினான்கு நாளும் அலமாரிகளைத் துழாவுவாள். திரும்பக் கொண்டுவரும்போது, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள். "முடிவு நல்லா இருந்துச்சுங்க." கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன ஒரு புத்தகத்துக்கும் அதையேதான் சொன்னார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். இருவரும் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.

அவர் இறந்த அன்று அவள் போகவில்லை. என்ன உறவு என்று போய் நிற்பது? அடுத்த வியாழன் நாலரைக்குக் கத்தரிக்கோலை எடுத்தாள். கை வரவில்லை. முத்திரையை எடுத்துக் குத்தினாள். குத்திவிட்டால் பதினான்கு நாளில் அவர் வரவேண்டியவர் ஆகிவிடுகிறார்.

இப்போது அதைச் சொன்னால் எதிரே நிற்கும் பெண் எந்த முகத்தோடு வீடு திரும்புவாள்? அண்ணன் எந்த முகத்தோடு தெருவில் நடப்பார்?

"என் தப்புதான் சார்" என்றாள். "யாரு எவருன்னு பாக்காம கைபோன போக்குல குத்திட்டேன்."

அண்ணனின் தலை மெல்லத் தாழ்ந்தது. அதிகாரி அவளுடைய பணிப்பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் பதிவேட்டில் முதல் கறை.

கடிகாரக்காரரின் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "விடுங்க சார், பாவம். இதுல என்ன இருக்கு? அவருக்கு எழுதப் படிக்கவே தெரியாதுங்க. கையெழுத்து மட்டும் போடுவாரு. வாங்கிட்டு வந்து தூசி தட்டி வெப்பாரு, நாளு வந்ததும் சட்டை மாத்திக்கிட்டு எடுத்துட்டுப் போவாரு. எதுக்குய்யா இந்த அலைச்சல்னு கேட்டா சிரிப்பாரு."

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள். அண்ணன் அவளைப் பார்த்தார்; பிறகு ஜன்னலைப் பார்த்தார். வீட்டுக்குக் கிளம்ப இருந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று அவள் அழுது, நூலகத்தைப் பாதியில் பூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவள் அழவில்லை. நூலகம் வழக்கம்போல் ஐந்தரை வரை திறந்திருந்தது. நாலரைக்கு அட்டையின் மூலையை அவளே வெட்டினாள். மறுநாளுக்கு முத்திரையின் தேதியைத் திருப்பி வைத்துவிட்டு, அண்ணனோடு நடந்தே வீட்டுக்குப் போனாள்.